தெரியலயே மேடம்

ஆம்பூரிலிருந்து வாலாஜாபேட்டை வரைக்கும் வீடு வீடாகக் கதவைத் தட்டித் தேடினாலும், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷி ஒரே ஒருத்தர்தான் தேறுவார். அந்த மனுஷிக்குத் தொழிலே பயந்துபோனவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது. கேட்டால் சிரிப்பு வரும். அவரிடம் வைத்தியத்துக்குப் போனவன் நானாக இல்லாமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆம்பூர் பைபாஸ் பக்கம் ஷூ டப்பா விற்கிற கடைக்கு மேல்மாடியில் அவருடைய அறை. ‘உளவியல் நிபுணர் - பதற்றம், எண்ணச் சுழற்சி நோய்’ என்று போர்டு. எண்ணச் சுழற்சி என்றால், ஒரே நினைப்பு மண்டைக்குள் செக்குமாடு மாதிரி சுற்றிச்சுற்றி வருவது. போர்டில் அவர் பெயரும் இருந்தது, பெயருக்குப் பின்னால் பட்டங்களும் வரிசையாக இருந்தன. ஊரில் ஒருத்தரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவர் ‘தெரியலயே மேடம்’தான். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இப்படிப் பத்திரிகையில் பத்தி எழுதுகிற வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் தரம் பிரிக்கிற செக்‌ஷனில் இருந்தேன். மேசைமேல் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கத்தி பட்ட ஓட்டை எல்லாம் பார்த்து முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று ஒதுக்க வேண்டும். ஒரு சின்னக் குறைகூட என் கண்ணுக்குத் தப்பாது. சம்பளம் கொடுத்துக் குறை சொல்லச் சொன்னால் யாருக்குக் கசக்கும்? யாழினி பிறக்கிற வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அவள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார். என் கை பாதியில் நின்றுவிட்டது. காலையில் இந்தக் கைதானே அவ்வளவு தோலைப் புரட்டியது? தோலில் கெமிக்கல், கெமிக்கல் கையில், கை குழந்தை மேல்... “கழுவிட்டு வந்துடறேன் சிஸ்டர்” என்று போனேன். திரும்பி வர எனக்கு எட்டு மாதம் ஆனது.

ஒரு தடவை கழுவினால் போதவில்லையோ என்று தோன்றும். மறுபடி கழுவுவேன். கழுவி முடித்துக் குழாயை மூடினால், அழுக்குக் கையோடு திறந்த குழாயை அல்லவா இப்போது தொட்டேன் என்று தோன்றும். மறுபடி சோப்பு. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, சாம்பாரில் கை வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். எங்கள் சூப்பர்வைசர் பாய் ஒருநாள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாபா பாஸ்கரு, இத எந்த கிரேடுல போடறது?” என்றார். செக்‌ஷனே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனேன்.

என் மனைவி சுமதி பிரசவத்துக்கு வாலாஜாபேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வாராவாரம் காலியான பஸ்ஸாகப் பார்த்து ஏறிப் போவேன். வாசற்படி ஓரம் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கலெக்டர் பள்ளிக்கூடத்தைப் பார்வையிடுகிற மாதிரி என் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. “பொண்ணு பொறந்ததுல மாப்ளைக்கு இஷ்டம் இல்லயாமே.” அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அவளை ஒருதரம் தூக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே கிடையாது.

ஐந்தாம் மாதம் சுமதி போனில் சொல்லிவிட்டாள். “நீங்க எம்பொண்ண என்னிக்குத் தூக்கறீங்களோ அன்னிக்கு நாங்க ஆம்பூருக்கு வர்றோம். அதுவரைக்கும் இங்கயே இருக்கோம்.” கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அழுதுகொண்டே சொன்னாள்.

பார்க்காத வைத்தியம் இல்லை. கோயிலில் கயிறு கட்டினார்கள். மேல்விஷாரத்தில் மந்திரித்துத் தாயத்து வாங்கி வந்தார் பாய். தாயத்தையும் தினம் சோப்புப் போட்டுக் கழுவினேன், கயிறு இற்றுப்போய்த் தாயத்து சாக்கடையில் விழுந்தது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “இது பெரிய பேஜாரா இருக்குதே. ஷூ டப்பா கடை மாடியில ஒரு அம்மா இருக்காங்க. எங்க தோஸ்த்து ஒருத்தன் கதவப் பூட்டிட்டுப் பூட்டிட்டுப் பாப்பான், இப்ப நல்லா இருக்கான். போய்ப் பாரு” என்றார்.

போனேன். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், கைத்தறிப் புடவை, கறுப்புக் குடை, அந்தக் குடையே உள்ளே போய்விடுகிற அளவுக்கு ஒரு பை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, எல்லோரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டேன்.

“மேடம், எங்கையால புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பில் துடைத்தார். நிதானமாக யோசித்தார்.

“தெரியலயே” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இன்னா மேடம், படிச்சவங்க நீங்களே இப்பிடிச் சொல்றீங்க?”

“ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியுமாப்பா? இந்தக் கட்டடம் இப்ப இடிஞ்சு உழுமா? அதுவுந்தான் தெரியல. ஒக்காந்து பேசிக்கினுதான இருக்கோம்?”

அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். வரும்போது எனக்குக் கைப் பயம் மட்டும்தான் இருந்தது.

“ஒண்ணும் ஆகாதுன்னு இதுவரைக்கும் எத்தன பேரு சொன்னாங்க?” என்று கேட்டார்.

“எல்லாரும்தான் மேடம்.”

“எவ்ளோ நேரம் தாங்குச்சு?”

யோசித்துப் பார்த்தேன். “ஒரு அரமணி நேரம்.”

“நானும் சொன்னா இன்னொரு அரமணி. அதுக்கா மாடி ஏறி வந்த? தெரியாமயே இருக்கப் பழகணும். அதான் இங்க வைத்தியம். டூட்டி முடிஞ்சா சோப்பு போட்டு ஒரு தடவ கழுவு, உங்கூட வேல செய்றவங்க கழுவற மாதிரி. கொழாய மூடிட்டா மூடுனதுதான்.”

பிறகு ஒரு நோட்டை எடுத்து என் பயங்களுக்கு மார்க் போடச் சொன்னார். தோல் துண்டைத் தொட்டுவிட்டுப் பிஸ்கட் தின்பதற்கு நாற்பது. பஸ் ஸ்டாண்டுக் கம்பியைப் பிடிப்பதற்கு ஐம்பத்தைந்து. கூட்டமான பஸ்ஸில் போவதற்கு எழுபத்தைந்து. யாழினியைத் தூக்குவதற்கு நூறு.

“நூத்துக்கு மேல போடக் கூடாதா மேடம்?”

“கூடாது. பப்ளிக் எக்ஸாமுக்கே நூறுதான்.”

அடுத்த வாரம் ஃபேக்டரியிலிருந்து ஷூவுக்குப் போகிற தோல் துண்டு ஒன்று கொண்டு வரச் சொன்னார். அதை மேசையில் விரித்தார். அதன்மேல் ஒரு பிஸ்கட்டை வைத்தார். எடுத்துக் கடித்தார். “ம், சக்கர கம்மி” என்றார். அடுத்த பிஸ்கட்டை வைத்து என்னைப் பார்த்தார். நான் தின்ற அந்தப் பிஸ்கட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் பத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் “எத்தன மார்க்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது எழுபது ஆனது. எழுபது அறுபது ஆனது. பிறகு யாரும் தள்ளாமலே முப்பதுக்கு வந்து நின்றது. எனக்கே ஆச்சரியம்தான்.

இவ்வளவு தைரியசாலிக்குப் பயமே கிடையாதா என்று கேட்காதீர்கள். ஒருநாள் சுவரிலிருந்து ஒரு பல்லி அவருடைய நோட்டின் மேல் சொத்தென்று விழுந்தது. மேடம் நாற்காலிமேல் நின்றார். எப்போது ஏறினார் என்று நான் பார்க்கவில்லை.

“எத்தன மார்க்கு மேடம்?” என்றேன். இந்தச் சந்தர்ப்பத்தை யார் விடுவார்கள்?

“நூத்திப்பத்து! மொதல்ல அத வெரட்டுப்பா!”

“பப்ளிக் எக்ஸாமுக்கே நூறுதான்னீங்க?”

“பாஸ்கரு, வெரட்டப் போறியா இல்லியா!”

பஸ் ஸ்டாண்டு வைத்தியம்தான் ஊரையே கலக்கியது. மேடம் முன்னால், நான் பின்னால். அவர் ஒரு கம்பியைத் தொடுவார், நானும் தொடுவேன். அவர் பெஞ்சைத் தடவுவார், நானும் தடவுவேன். கடைக் கடையாகப் போய் மேசை, கண்ணாடி ஜாடி, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்ப்பார். “எத்தன?” என்பார். நான் “அம்பது” என்பேன். அவர் நோட்டில் எழுதுவார். கடைக்காரர்கள் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட அம்மா, கையில் நோட்டு, மார்க் சொல்ல ஒரு ஆள்! சாப்பாட்டுக் கடைகளைச் சோதனை போட வந்த அதிகாரி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நாங்கள் நாலாவது கடைக்குப் போவதற்குள் அஞ்சாவது கடையில் பழைய எண்ணெய் கொல்லைப்புறம் போய்விட்டது, ஆறாவது கடையில் ஜாடியெல்லாம் பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. எனக்கு அழுக்கு வேண்டும், தொடுவதற்கு அழுக்கே இல்லை. “யோவ், யாருய்யா உங்களத் தொடைக்கச் சொன்னது?” என்று மேடம் கத்த, டீக்கடைக்காரர் நடுங்கிப்போய், “மேடம், கடைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டார்.

பழக்கதோஷம். “தெரியலயே” என்றார் மேடம். அந்த மனுஷன் இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

சுமதிக்கும் போனில் பாடம் நடந்தது. நான் ‘ஒண்ணும் ஆகாதுல்ல?’ என்று கேட்டால் அவள் ‘ஆகாது’ என்று சொல்லக் கூடாது. என் மனைவி எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். “சாப்டியா சுமதி?” “தெரியலயே.” “பாப்பா தூங்கிட்டாளா?” “தெரியலயே.” இது எனக்கும் தொத்திக்கொண்டு, சரக்கு இன்றைக்கு லோடு ஆகிவிடுமா என்று மேனேஜர் கேட்டபோது, “தெரியலயே சார்” என்றேன். மெமோ கொடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. கை ஆறிக்கொண்டு வந்தது. மார்க் பட்டியலில் மேலே மேலே ஏறினோம். கூட்டமான பஸ் பாக்கி, அப்புறம் யாழினி.

ஒரு சனிக்கிழமை அரைநாள் டூட்டி முடித்து, ஒரே ஒரு தடவை கை கழுவி, மேடத்தோடு வேலூர் பஸ் ஏறினேன். அவருக்கு வீடு வேலூரில். அவர் மூன்று சீட்டு முன்னால் பெண்கள் பக்கம், எனக்கு ஜன்னலோரம். எழுபத்தைந்து மார்க்கோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதனூரில் ஒரு பெண் ஏறினாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு கூடை, இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. நம் பஸ்களில் உட்கார்ந்திருக்கிறவன் மடி ஊருக்கே பொது என்பது உங்களுக்குத் தெரியும்.

“அண்ணா, இவனக் கொஞ்சம் புடிங்க” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தை என் மடியில் இருந்தது. அவளைக் கூட்டம் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

“மேடம்!” என்று அலறினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணும் ஒருகணம் விரிந்ததை நான் பார்த்தேன். ஆனால் குரல் அதே குரல். “எத்தன மார்க்கு?”

“தொண்ணூத்தஞ்சு!”

பக்கத்துச் சீட்டுப் பெரியவர் முகம் மலர்ந்தார். “யாருக்குப்பா? நல்ல மார்க்கு!”

“மேடம், கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“தெரியலயே!” பஸ்ஸே அவரைத் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பயல் என் விரலைப் பிடித்தான். நேராக வாயில் வைத்து, இருக்கிற இரண்டு பல்லால் கடித்தான். எனக்கு உயிர் போய் வந்தது. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே என் மடியில் சுடச்சுட ஒண்ணுக்குப் போனான்.

என்ன சொல்வேன்! எட்டு மாதமாக, குழந்தையை நான் அழுக்காக்கிவிடுவேன் என்று நடுங்கிச் செத்துக்கொண்டிருந்தேன். குழந்தை என்னை அழுக்காக்கும் என்று எவனும் எனக்குச் சொல்லவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிகொண்டாவில் எண்பது. அதைத் தாண்டியதும் அறுபது. விரிஞ்சிபுரத்துக்குப் போகிற கூட்ரோட்டில் அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தபோது மார்க் பார்க்கவே மறந்திருந்தேன். “ரொம்பப் படுத்திட்டானாண்ணா?” என்று அவனை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். மடி வெறிச்சென்று ஆகிவிட்டது. அதற்குள் ஏன் இறங்கினார்கள் என்று இருந்தது.

வேலூரில் இறங்கியதும் கேட்டேன். “மேடம், உண்மையச் சொல்லுங்க, நீங்க ஏற்பாடு பண்ண பொண்ணா?”

“சத்தியமா அது யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. எனக்கே மார்க்கு எகிறிடுச்சு.”

“நான் இப்பிடியே வாலாஜா போறேன் மேடம். இன்னிக்கே தூக்கறேன். நீங்களும் வாங்களேன்.”

“நான் எதுக்கு? உம்பொண்டாட்டி, உம்பொண்ணு. எனக்கு வூட்டுல சோறு வடிக்கணும். அங்க போய் ஒரு தடவ கழுவிக்க, ஒரே தடவ. போ.” குடையை விரித்துக்கொண்டு டவுன் பஸ் பக்கம் நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வாலாஜாவில் கதவைத் திறந்த சுமதி முதலில் என் பேண்ட்டைத்தான் பார்த்தாள். “இன்னாங்க இது?”

“பஸ்ல ஒரு கொழந்த ஒண்ணுக்குப் போய்ட்டான்.”

“மடியிலயா? நீங்க தூக்கி வச்சிருந்தீங்களா?” பேண்ட்டிலிருந்து என் முகத்துக்குப் பார்வையைத் தூக்கினாள். “ஊரான் புள்ளைய மொதல்ல தூக்குனீங்களா நீங்க?”

நேராகப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். சோப்புப் போட்டேன். கழுவினேன். மூடினேன். மூடிய கை குழாய்மேலேயே நின்றது. திற, திற என்று மண்டைக்குள் செக்குமாடு சுற்றியது. மாமியார் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுமதி இடுப்பில் யாழினியோடு நடையில் நின்றாள். கையைக் குழாயிலிருந்து எடுத்தேன்.

“குடு சுமதி.” கையை நீட்டினேன். வாய் சும்மா இருக்குமா? “ஒண்ணும் ஆகாதுல்ல?”

சுமதியின் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. “தெரியலயேங்க” என்று சொல்லிக்கொண்டே என் மகளை என் கையில் கொடுத்தாள்.

அவ்வளவு கனமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள். வாரா வாரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள்தானா என்று யோசித்திருப்பாள். பிறகு என் மீசையைப் பிடித்து இழுத்தாள். வலித்தது. நன்றாக இழுக்கட்டும் என்று விட்டுவிட்டு அழுதேன்.

மேடத்துக்குப் போன் போட்டேன். “மேடம், தூக்கிட்டேன்! கையிலதான் வச்சிருக்கேன்!”

“ம், சரி, சரி” என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய சாமான் வாங்குகிற வண்டி போனது. ‘பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், ஓட்ட ஒடசல்...’ என்று ஸ்பீக்கர் கத்தியது. போனிலும் அதேதான் கத்தியது.

யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தெருமுனை டீக்கடையில் ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே போனும் கையுமாக மேடம். பிடிபட்டதும் அசடு வழியச் சிரித்தார். “ஃபைல்ல அட்ரஸ் இருந்துச்சு. அடுத்த பஸ்ஸ புடிச்சிட்டேன்” என்றார்.

உள்ளே அழைத்து வந்தோம். அவர் நேராகக் குழாய்க்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். “இன்னா மேடம், நீங்களே கழுவுறீங்க?” என்றேன்.

“ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன், புள்ளைய தூக்க வேணாமா? ஒரு தடவ போதும்னுதான சொன்னேன், கழுவவே கூடாதுன்னா சொன்னேன்?” குழாயை மூடினார். யாழினியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அவரை பஸ் ஏற்றிவிட யாழினியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். ஸ்டாண்டு வந்ததும் மனசு கேட்காமல் கேட்டேன். “மேடம், நான் இன்னிக்கு எப்பிடியும் தூக்கிடுவேன்னு உங்களுக்குத் தெரியும்தான?”

“தெரியலயே” என்றார். பஸ் வருகிறதா என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, “தெரிஞ்சிருந்தா வேலூர்லருந்தே வூட்டுக்குப் போயிருப்பேன்ல?” என்றார்.

அங்கேயே நான் மறுபடி அழுதேன். எத்தனை மார்க்கு என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.